ஹீட்டர் கடைக்குப் போகும் முன் சீலிங்கைத் திறந்து பாருங்கள்

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம். 1970-களில் கட்டிய வீடு, தகரக் கூரை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். ஏப்ரல் வரை மாதம் 1,500 ராண்டுக்குள் முடிகிற ப்ரீபெய்டு கரண்ட், இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் 3,000-ஐத் தாண்டிவிடுகிறது. ஹாலில் ஒரு ஆயில் ஹீட்டர், மாமியார் அறையில் ஒன்று. அப்படியும் விடிகாலையில் கால் விறைத்துப் போகிறது. ஹால் வடக்குப் பார்த்தது, பகலில் வெயில் வரும். ஆனால் சோபா வெளுத்துவிடும் என்று மாமியார் திரையை இழுத்து மூடிவிடுவார். 'பாதி கரண்டில் இரட்டிப்புச் சூடு' என்று விளம்பரம் வருகிற சின்ன பிளக் ஹீட்டரை வாங்கலாம் என்கிறார் கணவர். கேஸ் ஹீட்டர்தான் லாபம் என்கிறார் கொழுந்தனார். டிசம்பரில் கூரைச் சூடு தாங்காமல் பிள்ளைகள் ஏசி கேட்கிறார்கள். எந்த ஹீட்டரில் செலவு குறைவு? ஏசி வாங்கினால் பில் எகிறிவிடுமா?
– வாசகி, லெனேசியா

பதில்: முதலில் அந்தப் பிளக் ஹீட்டரை மறந்துவிடச் சொல்லுங்கள் உங்கள் கணவரிடம். கம்பி சிவக்கிற ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர், சுவரில் மாட்டுகிற பேனல், எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டை வாங்கிக்கொண்டு ஒரு யூனிட் சூட்டைத்தான் தரும். கூடவும் தராது, குறையவும் தராது. 400 வாட் பிளக் ஹீட்டர் குறைவாகக் கரண்ட் இழுக்கிறது என்றால், அது குறைவாகச் சூடு கொடுக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அதை விடிய விடிய ஓட விட வேண்டி வருகிறது. உங்களிடம் இருக்கும் ஆயில் ஹீட்டரில் குறை ஒன்றும் இல்லை.

இதை நீங்களே மீட்டரில் பார்க்கலாம். மீட்டரிலோ கீபேடிலோ ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 1000. வீட்டில் மற்ற எல்லாவற்றையும், கீசர் உட்பட, டிபி போர்டில் (மெயின் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியில்) அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 33 தடவை துடித்தால் அது 2 கிலோவாட் ஹீட்டர். யூனிட் 3 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 6 ராண்ட். மாலை ஐந்து மணி நேரம் ஓடினால் 30 ராண்ட், மாதத்துக்கு 900. இரண்டு ஹீட்டர் என்றால் உங்கள் ஜூலைக் கணக்கு ஏறக்குறைய அங்கேயே தெரிந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் அவ்வப்போது நிறுத்துவதால் கொஞ்சம் குறையும் என்று நினைப்பீர்கள். உங்கள் வீட்டில் அது நிறுத்துகிறதா என்று எனக்குச் சந்தேகம். சூடு நிற்காத அறையில் தெர்மோஸ்டாட்டுக்கு வேலையே இல்லை.

சூடு ஏன் நிற்கவில்லை என்று தெரிய வேண்டுமானால் பாத்ரூம் பக்கமோ நடைபாதையிலோ சீலிங்கில் இருக்கும் ட்ராப் டோரைத் திறக்கச் சொல்லுங்கள். ஏணி வைத்து டார்ச்சோடு எட்டிப் பார்த்தால் போதும். சீலிங் பலகையின் முதுகு தூசியோடு வெறுமையாகத் தெரிந்தால், ஹீட்டர் போடுகிற சூடெல்லாம் அந்தப் பலகை வழியாகத் தகரத்துக்குப் போய் வானத்துக்குப் போகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எந்தச் செம்பில் ஊற்றினால் சீக்கிரம் நிறையும் என்று கேட்கிற மாதிரிதான் உங்கள் கேள்வி.

இந்த நாட்டில் புது வீட்டுக் கூரைக்கு இன்சுலேஷன் கட்டாயம் என்று விதி வந்ததே 2011-இல்தான். அதற்கு முன் கட்டிய வீடுகளில், யாராவது பிறகு போட்டிருந்தாலொழிய, பெரும்பாலும் மேலே ஒன்றும் இருக்காது. கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில், ஜூலை இரவில் பூஜ்ஜியத்தைத் தொடுகிற ஊரில், ஒரு விரற்கடை கூட இல்லாத பலகையும் ஒரு தகரமும்தான் தலைக்கு மேல். ஆடிக் கூழ் ஊற்றப் போகிறவர்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போகிற ஊர் இது.

கடையில் உருளையாகச் சுற்றி விற்கும் கண்ணாடிப் பஞ்சில் 135 மில்லிமீட்டர் தடிமனுள்ளதைக் கேளுங்கள். பாலியெஸ்டர் பஞ்சும் நல்லதுதான், கை அரிக்காது, விலைதான் கூட. சீலிங்கைத் தாங்கும் மரச்சட்டங்களுக்கு இடையே இடைவெளி விடாமல் விரிக்க வேண்டும். அமுக்கித் திணித்தால் பலன் போய்விடும். அது தன் தடிமனில் பொங்கி நிற்க வேண்டும். சீலிங்கில் பதித்த பழைய ஹாலஜன் விளக்குகளின் மேல் போட்டு மூடிவிடாதீர்கள், தீப்பிடிக்கும். காசு ஒரேயடியாக இல்லையென்றால் ஹாலுக்கும் மாமியார் அறைக்கும் மேலே மட்டும் இந்த வருஷம் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 70-களின் வீடு என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கூரை ஷீட்டுகளிலும் சீலிங் பலகைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை நிறைய உண்டு. 2008-இல் அதைத் தடை செய்தார்கள், ஆனால் ஏற்கெனவே போட்டது போட்டபடியேதான் பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் கூரை தகரம் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. சீலிங் பலகை சாம்பல் நிறத்தில் சிமெண்ட் போல இருந்தால் அதைத் துளைக்கவோ உடைக்கவோ தேய்க்கவோ யாரையும் விடாதீர்கள். சீண்டாமல் கிடக்கும்வரை அது பெரிய ஆபத்தில்லை, தூள் பறந்தால்தான் நுரையீரலுக்கு வினை. விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் பஞ்சு விரியுங்கள்.

இனி, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்தத் திரைச்சீலை விஷயம். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மார்கழி, தை மாத வெயில் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து வரும் என்று பழக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். சூரியன் கிழக்கே உதித்து வடக்கு வழியாக மேற்கே போகிறது. ஜூன் 21 வாக்கில் ஜோகன்னஸ்பர்க்கில் நடுப்பகல் சூரியன் வடக்கு வானத்தில் 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கு ஜன்னல் வழியே வெயில் அறையின் பாதி வரை நீட்டிப் படுக்கும். டிசம்பரில் அதே சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடுவதால், கூரை விளிம்பு கொஞ்சம் நீண்டிருந்தாலே அந்த ஜன்னலுக்குள் நடுப்பகல் வெயில் எட்டாது. குளிர்காலத்தில் வேண்டும்போது வருகிறது, கோடையில் வேண்டாதபோது தானே ஒதுங்கிக்கொள்கிறது. இந்தியாவில் அச்சடித்த வாஸ்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே வீடு கட்டுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் உங்கள் ஹாலை யாரோ சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மழையே இல்லாத, மேகமே இல்லாத குளிர்காலம் நம்முடையது. அந்த வெயிலில், சுத்தமான கண்ணாடி ஒரு சதுர மீட்டர் இருந்தால் நடுப்பகலில் அரை கிலோவாட்டுக்கு மேல் சூடு உள்ளே வரும். உங்கள் ஹால் ஜன்னல் மூன்று சதுர மீட்டர் என்றால், ஒன்றரை கிலோவாட் ஹீட்டர் ஒன்று காசில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் உங்கள் மாமியார் திரை போட்டு அணைக்கிறார்! அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சோபாவின் மேல் ஒரு பழைய பருத்திப் புடவையை விரித்துவிடுங்கள். காலை எட்டரை மணிக்குத் திரையை முழுக்கத் திறங்கள். வெயில் போனதும், நாலு, நாலரைக்கு, மறக்காமல் இழுத்து மூடுங்கள். மூடுவதும் திறப்பது அளவுக்கு முக்கியம். இருட்டிய பிறகு ஒற்றைக் கண்ணாடி சூட்டை வெளியே விடுவது போல வேறெதுவும் விடாது. திரை தடிமனாக, தரையைத் தொடுகிற மாதிரி இருந்தால் நல்லது. வெயில் விழும் இடத்தில் கம்பளம் இருந்தால் பகலில் சுருட்டி வையுங்கள். சிமெண்ட் தரையோ ஓடோ அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் திருப்பித் தரும்.

பகலில் மாமியாரின் நாற்காலியையும் அங்கேயே போட்டுவிடலாம். அவர் அறை தெற்குப் பக்கம் என்றால் வருஷத்தில் பாதி நாள் அந்தச் சுவரில் வெயிலே விழாது.

கதவு ஜன்னல் இடுக்குகளைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். ஆகஸ்ட் காற்றடிக்கிற நாளில் கொளுத்தி, வெளிக்கதவின் அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் மெல்லக் கொண்டுபோங்கள். புகை எங்கே படுத்துக்கொண்டு ஓடுகிறதோ அங்கே ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஹீட்டர் சூடு பறக்காதா! சுவரில் மேலே கிராதி வைத்த காற்றுத் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், கேஸ் அடுப்பு இருக்கும் வீட்டில் முக்கியமாக.

கேஸ் ஹீட்டருக்கு வருகிறேன். உங்கள் கொழுந்தனார் சொல்வது லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்ட் நிறுத்திய காலத்து யோசனை. 2023-இல் நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம் கரண்ட் போனபோது கேஸ் ஹீட்டர் வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2024 மார்ச் கடைசியிலிருந்து அது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. இப்போது பார்க்க வேண்டியது விலையை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 13 யூனிட் சூடு. கடைக்காரர் சொல்லும் கிலோ விலையை 13-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோ 39 ராண்ட் என்றால் யூனிட் 3 ராண்ட், கரண்டுக்குச் சரிசமம். அதற்குக் கீழே கிடைத்தால் லாபம்தான், ஆனால் அந்த லாபத்தை அப்படியே எண்ணிக்கொள்ளாதீர்கள். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தே ஆக வேண்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. தெற்குச் சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்வது பெரும்பாலும் இப்படித்தான். வயதானவர் தூங்குகிற அறையில் அதை வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாமியாருக்கு நான் வாங்கித் தரச் சொல்வது மின்போர்வைதான், மெத்தைக்கு மேல் விரித்துக் கட்டுவது. ஒற்றைக் கட்டில் அளவுக்கு 60 வாட் சுமார். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் போட்டு, படுத்ததும் அணைத்துவிடலாம். இரவு முழுக்க ஓடினாலும் அரை யூனிட்தான், ஒன்றரை ராண்ட். அறைக் காற்றையெல்லாம் சூடாக்கி அதில் ஒரு ஆளைப் படுக்க வைப்பதைவிட, ஆள் படுக்கிற இடத்தை மட்டும் சூடாக்குவது எவ்வளவு மலிவு பாருங்கள். மடித்து வைக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். கம்பி தெரிகிற பழசு என்றால் குப்பைக்கு.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது: கீசர். 3,000 ராண்டில் அதன் பங்கு ஹீட்டருக்கு இளைத்ததல்ல. 150 லிட்டர் கீசரில் குளிர்காலத் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 8 யூனிட். யாரும் குழாயைத் திறக்காமலே 24 மணி நேரத்தில் இரண்டரை யூனிட் வரை தொட்டிச் சுவர் வழியே ஆறிப்போகும். கூரைக்கு அடியில் அந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பதால் இன்னும் கூட. கோடையைவிட வருகிற தண்ணீரும் சில்லென்று இருப்பதால் ஜூலையில் அதே குளியலுக்குக் கூடுதல் யூனிட். ஹீட்டரைக் கண்ணால் பார்க்கிறோம், திட்டுகிறோம். கீசர் மேலே கிடந்து சத்தமில்லாமல் சாப்பிடுகிறது.

பஞ்சு விரிக்கப் போகிறவர் மேலேதானே இருப்பார், அப்போதே கீசருக்கும் ஒரு உறை கட்டிவிடச் சொல்லுங்கள். கீசரிலிருந்து வெளிவரும் செப்புக் குழாயில் முதல் ஒன்றிரண்டு மீட்டருக்கு ரப்பர் நுரைக் குழல் மாட்டினால் போதும். யாரும் குளிக்காத நேரத்திலும் அந்தக் குழாய் தொட முடியாத சூட்டில் இருக்கும், உறை போட்ட பிறகு தொட்டுப் பாருங்கள். வீட்டு வெளிச்சுவரில் கீசரின் வழிகால் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வெந்நீர் விடாமல் சொட்டினால் வால்வு போய்விட்டது. பிளம்பரைக் கூப்பிடுங்கள், சொட்டுவது தண்ணீர் மட்டுமல்ல. தெர்மோஸ்டாட் 65, 70 என்று இருந்தால் 60-க்கு இறக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம், லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். மூடிக்குள் கரண்ட் பாயும் கம்பிகள் இருப்பதால் எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள். டைமர் விற்கிறவர்கள் பாதி மிச்சம் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், ஆறிப்போவதில் ஒரு பகுதிதான் அதில் மிஞ்சும், உறை கட்டிய கீசரில் அதுவும் சொற்பம்.

பழைய ஷவர் தலை நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும். பத்து நிமிடம் நின்றால் 150 லிட்டர். உங்கள் பிள்ளைகள் நிற்பார்கள் என்று நினைக்கிறேன். மாமியார் இன்னும் வாளியில் மொண்டு குளிக்கிறவர் என்றால் 20 லிட்டரில் முடித்துவிட்டு வந்திருப்பார். பிள்ளைகளை வாளிக்கு மாற்றுவது உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. நிமிடத்துக்கு 8, 9 லிட்டர் விடுகிற ஷவர் தலையை மாட்டிவிட்டுச் சும்மா இருங்கள். சோலார் கீசர் பின்னால் வாங்குவதாக இருந்தால், உறைபனி விழும் நம் பக்கத்துக்கு உறையாத திரவம் சுற்றுகிற வகைதான் வேண்டும். டர்பனில் சொந்தக்காரர் போட்ட நேரடி வகையை இங்கே மாட்டினால் ஒரு ஜூன் இரவில் குழாய் வெடிக்கும்.

கடைசியாக ஏசி. இங்கே உங்கள் பிள்ளைகளுக்கு ஆதரவாக ஒன்றும், எதிராக ஒன்றும் சொல்கிறேன்.

எதிரானது: ஹைவெல்டில், அதாவது நம் உள்நாட்டு மேட்டு நிலத்தில், குளிரூட்ட மட்டும் என்று ஏசி வாங்குவது வீண். டிசம்பர் மதியம் தகரம் கொதித்து, சீலிங் வழியே தலையில் இறங்குவதுதான் உங்கள் சூடு. குளிருக்குப் போட்ட அதே பஞ்சு இதையும் நிறுத்தும். மாலை இடிமழை வந்தால் வெளிக்காற்று சில்லென்று ஆகிவிடுகிற ஊர். பகலில் ஜன்னலை மூடி, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கொடுத்து, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, 60 வாட் சீலிங் ஃபேன் போட்டால் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் உள்ளவர்களுக்கு இதை எழுத மாட்டேன். கடலோரப் புழுக்கம் இரவிலும் விடாது, அங்கே ஏசி தேவை. 24, 25-இல் வைத்தால் போதும்.

ஆதரவானது: சூடும் தருகிற இன்வர்ட்டர் ஏசி வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே கொண்டுவருகிறது, அதனால் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு. கடுங்குளிர் இரவில் கொஞ்சம் குறையும், ஆனால் நம் குளிர் வறண்ட குளிர் என்பதால் வெளி யூனிட்டில் பனி கட்டிப் படுத்துவது குறைவு. 'பாதி கரண்டில் இரட்டிப்புச் சூடு' என்று உங்கள் கணவர் தேடுகிற பொருள் உண்மையில் இதுதான். ஹாலுக்கு 12,000 பிடியு (ஒரு டன்) ஏசி ஒன்று போதும். விலை அதிகம், அதனால் பஞ்சுக்குப் பிறகுதான் இது. முதலில் ஏசி வாங்கினால் பெரிய அளவு வாங்க வேண்டிவரும். மாட்டுகிற எலக்ட்ரீஷியன் தனி லைன் இழுத்து இணக்கச் சான்றிதழ் தரட்டும், இல்லாவிட்டால் வீட்டு இன்சூரன்ஸில் பிரச்சினை வரும்.

பில் இவ்வளவு பெரிதானது முழுக்க உங்கள் குற்றமும் இல்லை. நாட்டின் மின்வாரியமான எஸ்காமின் கட்டணம் 2023 ஏப்ரலில் 18.65 சதவீதம், 2024-இலும் 2025-இலும் 12.74 சதவீதம் ஏறியது; மூன்று ஏற்றத்தில் ஒன்றரை மடங்கு. நகராட்சிகள் தங்கள் உயர்வை ஜூலை 1-ஆம் தேதி அமல்படுத்துவதால், குளிர் உச்சத்தில் இருக்கும்போதே அதுவும் வந்து சேர்கிறது. ஜோகன்னஸ்பர்க் நகராட்சியின் மின் நிறுவனமான சிட்டி பவர் 2024 ஜூலையில் ப்ரீபெய்டுக்கு மாதம் 200 ராண்ட் நிலைக் கட்டணமும் போட்டது. மாதத்துக்குள் வாங்குகிற யூனிட் கூடக் கூட விலை ஏறுகிற அடுக்குக் கட்டணம் உங்களுக்கு இருந்தால், 28-ஆம் தேதி மீட்டர் தீரப் போகிறது என்று பயந்து 1,000 ராண்டுக்கு வாங்காதீர்கள். மாதக் கடைசிக்குத் தேவையானதை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை 1-ஆம் தேதி, கணக்கு மறுபடி கீழ் அடுக்கிலிருந்து தொடங்கும்போது வாங்குங்கள்.